பனிப்புயலுக்கு முந்தைய நாள்: பேஸ்மென்ட் வீட்டில் குடியிருக்கும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தெற்கு ஒன்டாரியோவில் முதல் குளிர்காலத்தைக் காணப்போகிறவர்கள் பெரும்பாலும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை டிகிரி இறங்கும், எந்த ஜாக்கெட் வாங்கலாம் என்று. பனிப்புயலில் டிகிரி இரண்டாம்பட்சம்தான், காற்றுதான் முதல் எதிரி. காற்று மணிக்கு 40 கி.மீ. அல்லது அதற்கு மேல் வீச வேண்டும், கண்ணுக்குத் தெரியும் தூரம் 400 மீட்டர் அல்லது அதற்கும் கீழே சுருங்க வேண்டும், இரண்டும் குறைந்தது 4 மணி நேரம் நீடிக்க வேண்டும்: கனடா வானிலைத் துறை பனிப்புயல் என்று அறிவிக்க வைத்திருக்கும் பொது அளவு இது. வானத்திலிருந்து புதிதாகப் பனி விழவேண்டிய அவசியம்கூட இல்லை. தரையில் கிடக்கும் பனியைக் காற்று வாரி இறைத்தாலே போதும், வாசலிலிருந்து தெரு தெரியாது.

2022 டிசம்பர் 23 அன்று நயாகராவுக்கு அப்பால் உள்ள பஃபலோ நகரை அடித்த புயலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள விமான நிலையத்தில் சுமார் 130 செ.மீ. பனி பதிவானது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். காரில் சிக்கியவர்கள், வீதியில் நடந்து போனவர்கள், வெப்பம் நின்றுபோன வீட்டுக்குள் இருந்தவர்கள், பனி வாரும்போது நெஞ்சுவலி வந்தவர்கள், ஆம்புலன்ஸ் வந்து சேர முடியாதவர்கள் என்று எல்லா விதமும் அதில் உண்டு. தீயணைப்பு வண்டிகளே பனியில் புதைந்து நின்றன. ஆகவே புயல் தொடங்கிய பிறகு யாரும் வரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். செய்ய வேண்டியவை எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை

ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன், ஏஜாக்ஸ் பக்கம் புதிதாக வருகிற நம்மவர்கள் பலருக்கு முதல் வீடு பேஸ்மென்ட் என்ற நிலத்தடித் தளம்தான். கீழே குடியிருப்பவருக்குப் பனிப்புயலில் உள்ள ஆபத்து மேலே இருப்பவருக்கு இருப்பதைவிட வேறு மாதிரியானது. அதனால் கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு பகல் நேரத்தில் வீட்டை வெளிப்புறமாக ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

பக்கச் சுவரிலிருந்து வெள்ளை நிற பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சில வீடுகளில் முழங்கால் உயரம்தான் இருக்கும். வீட்டைச் சூடாக்கும் இயந்திரமான ஃபர்னஸ் காற்றை உள்ளே இழுப்பது ஒன்று, எரிந்த புகையை வெளியே தள்ளுவது இன்னொன்று. வெந்நீர்த் தொட்டிக்குத் தனிக் குழாய் இருக்கலாம், துணி உலர்த்தும் டிரையருக்கும் ஒரு வாய் இருக்கும். பழைய வீடுகளில் இவற்றுக்குப் பதிலாகக் கூரைப் புகைபோக்கி இருக்கும். இந்தக் குழாய்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஒரு நீளமான கம்பை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள். இரண்டு வீடுகளுக்கு இடையிலான குறுகிய சந்தில்தான் காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டும். இரவில், டார்ச் வெளிச்சத்தில், இடுப்பளவு பனிக்குள் அந்தக் குழாய் எங்கே என்று தேடும் நிலை வரக்கூடாது.

குழாய் அடைபட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். நல்ல நிலையிலுள்ள புதிய ஃபர்னஸ் அழுத்த மாறுபாட்டை உணர்ந்து தானே நின்றுவிடும், வீடு குளிர ஆரம்பிக்கும். பழுதுள்ள இயந்திரமோ பழைய இயந்திரமோ என்றால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும், அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கக் கலக்கம் என்று காய்ச்சல் வரப்போவது போலவே தொடங்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போய் நின்றால் தெளிகிறது என்றால் அது காய்ச்சல் இல்லை.

படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா பாருங்கள். ஒன்டாரியோவில் அதைப் பொருத்திக் கொடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. நடுவிலுள்ள பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். கழற்றிப் பின்புறம் பார்த்தால் மாற்ற வேண்டிய ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும், அது கடந்திருந்தால் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். ஒலியையும் பழகிக்கொள்ளுங்கள்: நான்கு முறை கத்தி, நிறுத்தி, மறுபடி நான்கு முறை கத்தினால் வாயு. மும்மூன்றாகக் கத்தினால் தீ. ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை ‘கீச்’ என்றால் பேட்டரி தீர்கிறது. வாயு அலாரம் அடித்தால் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பப் படுக்காதீர்கள். எல்லோரும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியேறி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அங்கிருந்து அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள்.

அடுத்தது வெளியேறும் வழி. பேஸ்மென்ட்டின் பக்கக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதாக இருந்தால், அதன் முன் பனி குவிந்ததும் உள்ளிருந்து தள்ள முடியாது. ஆகவே பனி வாரும் ஷவலை வீட்டுக்கு உள்ளே, கதவுப் பக்கத்தில் வையுங்கள். கொல்லைக் கொட்டகையில் பூட்டி வைத்த ஷவலை எடுக்கவே இன்னொரு ஷவல் வேண்டும். அவசரத்தில் வெளியேற உதவும் ஜன்னல் எது என்று தெரிந்துகொண்டு, அதை ஒருமுறை முழுதாகத் திறந்து பாருங்கள். பெயின்ட் ஒட்டிப் பல ஆண்டுகள் திறக்காத ஜன்னல்கள் நிறைய உண்டு. ஜன்னலுக்கு வெளியேயுள்ள குழியில் சேரும் பனியையும் அவ்வப்போது வாரிப் போட வேண்டும்.

வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்விகள் பாக்கி. தண்ணீரின் மெயின் வால்வு எங்கே? ஃபர்னஸ் சுவிட்ச் எங்கே? இரண்டும் பெரும்பாலும் பேஸ்மென்ட்டில்தான் இருக்கும், அதாவது உங்கள் பக்கத்தில்தான். வால்வைத் திருப்பிப் பாருங்கள், கைக்கு அசையாவிட்டால் இப்போதே சொல்லுங்கள்.

வீட்டில் இருக்க வேண்டியவை

72 மணி நேரம் வெளி உதவி இல்லாமல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது கனடாவில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதற்கு மேலும் போகலாம். 2020 ஜனவரி 17 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் ஒரே நாளில் 76 செ.மீ. பனி விழுந்தது. அவசரநிலை 8 நாட்கள் நீடித்தது, கடைகள் அடைத்துக்கிடந்தன, திறந்தபோது வாசலில் நீண்ட வரிசை.

குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 லிட்டர், சமையலுக்கும் கழுவுவதற்கும் இன்னொரு 2 லிட்டர். நான்கு பேருக்கு மூன்று நாள் என்றால் 48 லிட்டர். எல்லாம் பாட்டில் தண்ணீராக வாங்க வேண்டாம். சுத்தமாகக் கழுவிய குடம், பெரிய சட்டி, மூடியுள்ள வாளி எல்லாவற்றிலும் எச்சரிக்கை வந்ததும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூடிவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒரு தவறு நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. பத்து கிலோ அரிசியும் பருப்பும் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பார்கள். மின்சாரம் போனால் மின் அடுப்பில் அரிசி வேகாது. அடுப்பே இல்லாமல் சாப்பிடக்கூடியதை எண்ணிப் பாருங்கள். அவல் இதற்கு மிகவும் நல்லது, பச்சைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறினால் போதும், வெல்லமோ சர்க்கரையோ போட்டுச் சாப்பிடலாம். வறுத்த சத்துமாவு, பேரீச்சம்பழம், வேர்க்கடலை, பிஸ்கட், பாண், டின் மீன், டின் கடலை, வாழைப்பழம். டின் திறக்கக் கையால் சுற்றும் ஓப்பனர் ஒன்று. எச்சரிக்கை வந்த நாளில் வெந்நீர் கொதிக்க வைத்து ஃபிளாஸ்க்கில் நிரப்பி வையுங்கள், குழந்தைக்குப் பால் கரைக்க அதுதான் உதவும்.

மருந்து குறைந்தது ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர் வீட்டில் இருந்தால் அது உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது. ஒருமுறை உறைந்துபோன இன்சுலின் உருகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் நம்ப முடியாது, வீசிவிட வேண்டும். காரில் மறந்து வைத்த இன்சுலின் பேனாவுக்கும் இதே விதிதான். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் முன்னறிவிப்பைப் பார்த்ததும் மருத்துவமனைப் பிரிவை அழைத்து, முறையை ஒரு நாள் முன்னால் நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். பிரசவ நாள் நெருங்கியவர்கள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு முன்பே போய்விடலாம்.

டார்ச், உதிரி பேட்டரி, பேட்டரி ரேடியோ, பவர் பேங்க் ஆகியவை எல்லாம் ஒரே பையில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில்.

உடை

உடலோடு ஒட்டியிருக்கும் முதல் அடுக்கு பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், அந்த ஈரம் உடல் சூட்டை இழுத்துவிடும். கம்பளியோ பாலியெஸ்டர் தெர்மலோ போடுங்கள். அதன்மேல் ஃபிளீஸ், அதன்மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் சூடு காக்கும். பூட்ஸ் வாங்கும்போது தடித்த சாக்ஸ் போட்டு அளவு பாருங்கள். இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும்.

குழந்தைகளுக்கு ஒரு முக்கியமான விஷயம். பஞ்சு போல் உப்பிய ஜாக்கெட்டோடு கார் சீட்டில் வைத்து வாரைக் கட்டாதீர்கள். மோதல் நேர்ந்தால் ஜாக்கெட் அமுங்கி, வார் தளர்ந்து, குழந்தை நழுவிவிடும். மெல்லிய உடையோடு வாரை இறுக்கிக் கட்டிவிட்டு, மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

எச்சரிக்கை வந்த பிறகு

இப்போது கனடாவில் வானிலை எச்சரிக்கைகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வருகின்றன. நிறம் தாக்கத்தைச் சொல்கிறது. ஆரஞ்சு வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், சிவப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். புதிதாக வந்தவர்களுக்கு வேலையை விட்டு நிற்பது எவ்வளவு கடினம் என்பது தெரிந்ததே. இரவு ஷிஃப்ட், டெலிவரி, டாக்ஸி என்று ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஆனால் பனிப்புயலில் போகும்போது கிளம்பிவிடலாம், வரும்போதுதான் சிக்கிக்கொள்வீர்கள். சூப்பர்வைசருக்கு முதல் நாளே செய்தி அனுப்பி, ஷிஃப்ட்டை மாற்றக் கேளுங்கள்.

காரைத் தெருவிலிருந்து எடுத்து, வீட்டு முன்னுள்ள டிரைவ்வேயில் நிறுத்துங்கள். தெருவில் நின்றால் பனி அகற்றும் வண்டிக்கு வழி அடைபடும், காரும் புதைந்துபோகும். டேங்க்கை நிரப்புங்கள். போன்களை முழுதாக சார்ஜ் செய்யுங்கள். மேல்வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தால் அவர்களிடமும் ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள்.

புயல் அடிக்கும்போது மின்சாரம் போனால்

ஒன்டாரியோவில் மின்சாரத்தை ‘ஹைட்ரோ’ என்றே சொல்வார்கள். ஹைட்ரோ போனால் கேஸ் ஃபர்னஸும் நின்றுவிடும். எரிவது வாயு என்றாலும் அதைப் பற்றவைப்பதும், சூடான காற்றைத் தள்ளுவதும் மின்சாரம்தான்.

எல்லோரும் ஒரே அறைக்கு வந்துவிடுங்கள், சிறிய அறையாக இருந்தால் நல்லது. கதவின் கீழ் இடைவெளியில் துண்டைச் சுருட்டி வையுங்கள், ஜன்னலுக்குப் போர்வை கட்டுங்கள். ஹீட்டர், அடுப்பு, டிவி சுவிட்சுகளை அணைத்து விடுங்கள். மின்சாரம் திரும்பும்போது எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கக் கூடாது. ஒரு விளக்கை மட்டும் போட்டு வைத்தால் வந்தது தெரியும். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும்.

பார்பிக்யூ அடுப்பு, கேம்ப் ஸ்டவ், கரி எதையும் வீட்டுக்குள்ளும், கராஜிலும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டும் எரிக்காதீர்கள். சாம்பிராணிக்குக் கரி பற்றவைப்பது நமக்குப் பழகிய காரியம், ஆனால் அடைத்த அறையில் சட்டி நிறையக் கரியை மூட்டிச் சூடு காய்வது உறக்கத்திலேயே உயிரை எடுக்கும். சமையல் கேஸ் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவதும் அதே ஆபத்துதான். ஜெனரேட்டர் இருந்தால் வெளியே, கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைவாய் வீட்டைப் பார்க்காதபடி வைக்க வேண்டும். குத்துவிளக்கு, மெழுகுவத்தியைவிட டார்ச் பாதுகாப்பானது. போர்வைகள் தொங்கும் அறையில் சுடர் வேண்டாம்.

வீட்டுக்குள் குளிர் ஏறத் தொடங்கினால் குழாய்கள் உறையலாம். வெளிச்சுவரையொட்டிய சிங்கின் கீழ் அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள், குழாயை மெல்லிய நூல்போல் ஓடவிடுங்கள். மின்சாரம் வெகுநேரம் வராது, வீட்டை விட்டுப் போகிறோம் என்றால் மெயின் வால்வை மூடி, மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கி எல்லாக் குழாய்களையும் திறந்து நீரை வடியவிடுங்கள். உறைந்த குழாயைத் தீயால் உருக்காதீர்கள். மின்சாரம் வந்ததும் ஹேர் டிரையரால் குழாயின் வாய்ப்பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கிப் போங்கள். நடுவில் சூடாக்கினால் உருகிய நீருக்கு வெளியேற வழி இல்லாமல் குழாய் வெடிக்கும்.

ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருந்தால் அந்த வெள்ளைக் குழாய்களை மறக்க வேண்டாம். காற்று சற்றுத் தணியும்போது, உங்களில் பலசாலியான ஒருவர், முழு உடையோடு, இன்னொருவர் வாசலில் நின்று பார்த்திருக்க, சுவரைத் தொட்டுக்கொண்டே போய்ச் சுற்றிலும் ஒரு மீட்டர் பனியை விலக்கிவிட்டு உடனே திரும்ப வேண்டும். எதிரே எதுவும் தெரியாத அளவுக்கு அடித்தால் போகவே வேண்டாம். ஃபர்னஸை அணைத்துவிட்டு ஒரே அறையில் இருப்பது மேல்.

காரில் சிக்கிக்கொண்டால்

முதல் விதி: காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் கட்டடம் என்றாலும் இரண்டு நிமிடத்தில் அது மறைந்துவிடும். தேடி வருபவர்களுக்கும் ஆளைவிடக் காரைக் கண்டுபிடிப்பது எளிது.

911ஐ அழைத்து இடத்தைச் சொல்லுங்கள், நெடுஞ்சாலை என்றால் கடைசியாகக் கடந்த எக்ஸிட் எண்ணைச் சொல்லுங்கள். ஆன்டெனாவில் அல்லது கதவில் பளிச்சென்ற துணியைக் கட்டுங்கள். பிறகு எஞ்சினை ஒரு மணி நேரத்துக்கு சுமார் 10 நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஓட்டுமுன் இறங்கி, பின்னாலுள்ள சைலன்சர் வாயைக் கையால் தோண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அது பனியில் மூடியிருந்தால் புகை காருக்குள் ஏறும். காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள். இறங்கும்போது ஒரு கையைக் காரிலிருந்து எடுக்காதீர்கள். போனை சட்டைக்குள் உடம்போடு வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

இதற்காக டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை: சிறிய ஷவல், இரண்டு கம்பளி, உதிரி மிட்டனும் தொப்பியும், ஜம்ப்பர் கேபிள், டார்ச், பிஸ்கட், டயருக்கு அடியில் போட ஒரு பை மணல், −40 என்று எழுதிய வாஷர் திரவம். சாதாரண ஆல் சீசன் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கிப் பிடிப்பை இழக்கும். மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த சின்னம் உள்ள டயர்தான் குளிர்கால டயர்.

உடல் உறையும்போது

காற்றின் வேகத்தையும் சேர்த்துக் குளிரைச் சொல்லும் காற்றுக்குளிர்க் கணக்கு (wind chill) −28க்குக் கீழே போனால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். −40க்குக் கீழே 5 முதல் 10 நிமிடம். காது, மூக்கு நுனி, கன்னம், விரல்களே முதலில் போகும். அறிவுரைகளில் ‘தோல் சிவக்கும், பிறகு வெளுக்கும்’ என்று எழுதியிருப்பார்கள். நம் நிறத்தில் அப்படித் தெரியாது. சாம்பல் பூத்தது போல் மங்கும், தொட்டால் மெழுகு போல வழவழப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும், உணர்ச்சி இருக்காது. சர்க்கரை நோயால் ஏற்கெனவே கால் மரத்தவர்களுக்கு வலியே எச்சரிக்காது, அவர்கள் வீடு திரும்பியதும் சாக்ஸைக் கழற்றிக் கண்ணால் பார்க்க வேண்டும்.

உறைந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், பனி வைத்துத் தடவாதீர்கள், ஹீட்டருக்கு முன் நீட்டாதீர்கள். மரத்த தோல் சுடுவதை உணராது. குழந்தையைக் குளிப்பாட்டும் இளஞ்சூட்டு நீரில், அதாவது 37 முதல் 39 டிகிரியில், அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். மறுபடி குளிரில் போக வேண்டியிருந்தால் மட்டும் உருக்க வேண்டாம். உருகி மீண்டும் உறைந்தால் சேதம் பல மடங்கு.

உடல் முழுவதும் குளிர்ந்துவிட்டால் அறிகுறி வேறு. முதலில் கடும் நடுக்கம், பிறகு பேச்சு குழறும், விரலால் பட்டன் போட முடியாது, நடை தள்ளாடும், காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் உடை மாற்றாமல், சூடு ஏறாமல், திடீரென நடுக்கம் நின்றால் அது தேறியதற்கு அடையாளம் இல்லை, மிக மோசமான நிலை. 911ஐ அழையுங்கள். ஈர உடையைக் கழற்றி, மார்பு, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களை முதலில் போர்வையாலும் உடல் சூட்டாலும் சூடாக்குங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம். விழுங்க முடிந்தால் இனிப்பான வெந்நீர்ப் பானம் கொடுங்கள். பிராந்தி கொடுக்காதீர்கள், அது தோலுக்கு ரத்தத்தை இழுத்து உள்சூட்டை இன்னும் இறக்கிவிடும்.

புயல் நின்ற மறுநாள்

வெயில் அடிக்கும், எல்லோரும் ஷவலோடு இறங்குவார்கள். ஒரு கணக்குப் பாருங்கள். டிரைவ்வே 5 மீட்டருக்கு 6 மீட்டர், 20 செ.மீ. பனி என்றால் 6 கன மீட்டர். காய்ந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்றாலும் 600 கிலோ. ஈரப் பனி என்றால் அதைப்போல் இரு மடங்கு. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும்போது, மூச்சைப் பிடித்துக்கொண்டு இவ்வளவையும் தூக்கினால் இதயம் தாங்க வேண்டும். தெற்காசியர்களுக்கு இதயநோய் அதிகம், இளவயதிலேயே வருகிறது. 45 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த வேலையை இளையவரிடமோ கூலிக்கு வருபவரிடமோ விட்டுவிடுங்கள்.

வாருகிறவர் சாப்பிட்ட உடனே போகக் கூடாது. தூக்குவதைவிடத் தள்ளுங்கள், தூக்கினால் ஷவல் பாதி மட்டும், முழங்காலை மடக்கி. ஆழமாக இருந்தால் மேலிருந்து அடுக்கடுக்காக எடுங்கள். 15 நிமிடம் வேலை, பிறகு உள்ளே வந்து ஓய்வு. நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, குளிரிலும் வியர்வை, மூச்சிரைப்பு, குமட்டல் எது வந்தாலும் ஷவலைப் போட்டுவிட்டு 911.

முக்கால்வாசி முடித்து நிமிரும்போது நகராட்சி வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போகும், டிரைவ்வே வாயில் கட்டிகட்டியாக ஒரு கரை எழுந்திருக்கும். பனியிலேயே கனமானது அதுதான், களைத்த உடம்போடு அதில் கை வைக்காதீர்கள். வாரிய பனியைத் தெருவில் தள்ளாமல் புல்வெளியில் போடுங்கள். பனியை வாரி வீசும் ஸ்னோ புளோவர் இயந்திரம் அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குச்சியால் குத்துங்கள், கையை விடவே கூடாது. நின்ற பிறகும் உள்ளே முறுக்கம் மிச்சமிருக்கும், அடைப்பு விடுபட்டதும் கத்தி ஒரு சுற்றுச் சுற்றி விரலை எடுத்துவிடும்.

கல் உப்பு சுமார் −10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. அப்போது கால்சியம் குளோரைடு கலந்த உப்பை வாங்குங்கள், இல்லையேல் மணலைத் தூவுங்கள். பக்கக் கதவின் படிகளில்தான் முதலில் தூவ வேண்டும். பகலில் கூரைப் பனி உருகிச் சொட்டும் நீர் மாலையில் அங்கே கண்ணாடியாக உறையும், இரவு ஷிஃப்ட் முடித்து இருட்டில் இறங்குகிறவர் கால் வைப்பதும் அந்தப் படியில்தான்.